வெள்ளைச் சினையில் கலந்தது

எழுபதுகளின் நடுவில், சூரை மீன் சீசன் வந்துவிட்டால் வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஒரு தூக்குச் சட்டியில் ஐஸ் துண்டுகளைப் போட்டு எடுத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு கிட்டங்கிக்கு நடந்து போவேன். அங்கே மாசிக் கருவாடு போடுவார்கள். சூரையின் தலையையும் குடலையும் எடுத்துவிட்டு, சதையை நீளவாக்கில் கீறி, உப்புத் தண்ணீரில் அவித்து, புகையில் வாட்டி, மரக்கட்டைபோல் ஆகும்வரை வெயிலில் காயவைப்பார்கள். ஊருக்கு வேண்டியது அந்தச் சதை. எனக்கு வேண்டியது அவர்கள் கழித்துப் போடும் குடலோடு கிடக்கும் ஒரு பகுதி. ஆண் மீனின் விந்துப்பை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் செய்முறை வகுப்புகளைக் கவனிக்கும் வேலை. பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். வழிகாட்டி மெட்ராஸில் இருந்தார். அப்பாவும் அம்மாவும் நாசரேத்தில் பள்ளிக்கூட ஆசிரியர்கள். வீட்டில் மீன் சமைப்போம், ஆனால் வெட்டிச் சுத்தம் செய்த மீன்தான் வீட்டுக்குள் வரும். ஒரு சூரையின் வயிற்றுக்குள் எது எங்கே இருக்கும் என்பதை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

முதல் நாள் போனபோது கிட்டங்கியில் ஏழெட்டுப் பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து மீன் கீறிக்கொண்டிருந்தார்கள். நான் புத்தகத் தமிழில், "ஆண் மீனின் விந்துப்பை கிடைக்குமா?" என்று கேட்டேன். கத்திகள் நின்றன. பிறகு ஒரே சிரிப்பு.

"கல்யாணமாவாத புள்ள கேக்க சாமானத்தப் பாரு" என்றாள் ஒருத்தி.

வரிசையின் கடைசியில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் மாதா சுரூபம் கோத்த கறுப்புக் கயிறு. புகையில் நின்று நின்று கண்ணோரம் சிவந்திருந்தது. மீன் கீறுகிற பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி மாதிரி என்று பிறகு தெரிந்தது.

"எதுக்கு டீச்சர்? மருந்துக்கா?"

"ஆராய்ச்சிக்கு. அதுக்குள்ள ஒரு புரதம் இருக்கு. அதப் பிரிச்சு எடுக்கணும்."

"நாங்க வெள்ளைச் சினைன்னு சொல்லுவோம். நாய்க்கும் காக்காய்க்கும் போடுததுதான். எவ்வளவு வேணும்?"

கையிலிருந்த மீனைத் திருப்பி, வயிற்றில் ஒரு கீறு கீறி, இரண்டு விரலால் எதையோ பற்றி இழுத்து என் சட்டியில் போட்டாள். நாக்குப் போல நீளமாக, இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளையாக இருந்தது. "இது இன்னும் பழுக்கல. பழுத்தா தொட்டாலே பாலா வடியும்" என்றாள். எனக்கு அந்தப் பாலாய் வடிவதுதான் வேண்டும் என்று சொன்னேன். அவள் சரி என்றாள். அந்த நாளிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

எதற்காக இந்தப் பாடு என்று சொல்ல வேண்டும். மனித உடலின் ஒரு செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை எல்லாம் இழுத்து நீட்டினால் ஓர் ஆளின் உயரத்துக்கு வரும். அவ்வளவு நீளத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குள் சுருட்டி வைக்கப் புரதங்கள் வேண்டும். சாதாரண செல்களில் அந்த வேலையைச் செய்வது ஹிஸ்டோன்கள். மீனின் விந்தணுவில் இடம் இன்னும் நெருக்கம். அங்கே ஹிஸ்டோன்களை வெளியேற்றிவிட்டு, புரோட்டமின் என்ற மிகச் சிறிய புரதம் வந்து உட்காருகிறது. அது முழுக்க நேர்மின்னேற்றம் கொண்டது. டிஎன்ஏவோ எதிர்மின்னேற்றம். இரண்டும் சந்தித்தால் விடாது.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் புரதத்தைச் சாவி என்பார்கள். சாவிக்கு என்று ஒரு வடிவம் உண்டு, பூட்டுக்குள் போனாலும் வெளியே வந்தாலும் அந்த வடிவம் மாறாது. புரோட்டமின் இந்தக் கணக்கில் சேரவில்லை. தனியாகத் தண்ணீரில் கரைத்தால் அதற்கு வடிவமே இல்லை. கையிலிருந்து நழுவி விழுந்த நூல் போலக் கிடக்கிறது. அப்படியானால் டிஎன்ஏவின்மேல் படிந்த பிறகு அது எப்படி இருக்கும்? நூலாகவே இருக்குமா, ஏதாவது உருவம் எடுக்குமா? இதுதான் என் ஆய்வுக் கேள்வி. வீட்டில் கேட்டவர்களுக்கு என்னால் இதைவிடப் பெரிதாகச் சொல்ல முடிந்ததில்லை. "இதக் கண்டுபிடிக்க ஐந்து வருஷமா?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சினையை அரைத்து, உப்புக் கரைசலில் கழுவி, மல்துணியில் வடிகட்டி, மெஷினில் சுழற்றி, நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைப்பேன். அதன்மேல் குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றினால் அடியில் வெள்ளையாக ஒன்று படியும். உலர்த்தினால் பொடி. ஒரு சட்டிச் சினையிலிருந்து ஒரு சிட்டிகை. அதைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, தேதி எழுதி, மெட்ராஸுக்கு ரயில் ஏறுவேன்.

எங்களுக்கு வேண்டிய கருவி மெட்ராஸில் இருந்தது. ஒளியை இடச்சுழியும் வலச்சுழியுமாக மாறிமாறிக் கரைசலுக்குள் செலுத்தி, இரண்டில் எதை அது அதிகம் விழுங்குகிறது என்று அளக்கும் கருவி. புரதம் சுருள் சுருளாக மடிந்திருந்தால் வளைகோட்டில் இரண்டு பள்ளங்கள் விழும். நூலாகக் கிடந்தால் ஒரே பள்ளம், அதுவும் வேறு இடத்தில். ஒரு பேனா, ஓடும் தாளில் அந்தக் கோட்டை மெதுவாக வரைந்துகொண்டே போகும். மாதத்துக்கு ஒரு நாள் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். காலை எட்டு மணிக்குக் கருவியின் விளக்கைப் போட்டால் சூடேற ஒரு மணி நேரம். அதற்குள் கருவிக்குள் செலுத்த வேண்டிய நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்துபோய்விட்டால் அந்த மாதம் போயிற்று.

முதல் சீசனின் தொடக்கத்தில் எடுத்த இரண்டு குப்பிகளைக் கொண்டுபோயிருந்தேன். தனிப் புரதத்துக்கு எதிர்பார்த்தபடியே பெரிய பள்ளம் ஒன்று. ஓரத்தில் லேசான மேடுபள்ளம் இருந்தது, அதைக் கருவியின் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு டிஎன்ஏவைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். கன்றின் கழுத்துச் சுரப்பியிலிருந்து எடுத்து வெளிநாட்டிலிருந்து வந்த டிஎன்ஏ அது, பார்ப்பதற்குப் பிரித்த பஞ்சு மாதிரி இருக்கும். டிஎன்ஏ தனியாகத் தரும் கோட்டைக் கிராஃப் தாளில் புள்ளி புள்ளியாகக் கழித்தபோது, மிஞ்சிய கோட்டில் இரண்டு பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. நூல் சுருளாகிவிட்டது.

என் வழிகாட்டி அதிகம் பேசாதவர். அன்று தாளை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"இன்னொரு குப்பி இருக்கா?"

"இருக்கு சார்."

இரண்டாவது குப்பியிலும் அதே இரண்டு பள்ளங்கள். "சரி, எழுத ஆரம்பிங்க" என்றார்.

எழுதினோம். வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். முதலில் என் பெயர், பிறகு அவர் பெயர். அடுத்த வருடத் தொடக்கத்தில் பதில் வந்தது. வெளியிடலாம், ஆனால் முடிவு வேறொரு பிரித்தெடுப்பிலும் வருகிறது என்று காட்ட ஒரு வளைகோடு கூடுதலாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கோரிக்கை. என்னிடம் சீசன் முடிவில் எடுத்த மூன்று குப்பிகள் இருந்தன. அதே வாரத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியிலேயே விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு அறிவித்திருந்தார்கள். வெளிநாட்டு இதழில் கட்டுரை உள்ள ஒரே விண்ணப்பதாரர் நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். புதுச் சேலை ஒன்று எடுத்து வைத்திருந்தேன்.

மூன்றாவது குப்பியில் சுருள் இல்லை.

கருவியைச் சந்தேகப்பட்டேன். டிஎன்ஏ கெட்டுவிட்டது என்று நினைத்தேன். நான்காவது குப்பியை எடுத்தேன், ஐந்தாவதையும் எடுத்தேன். பள்ளம் சற்று நகர்ந்தது, ஆழம் சற்றுக் குறைந்தது. அவ்வளவுதான். மிச்சமிருந்த பழைய பொடியை அதே நாளில், அதே டிஎன்ஏவோடு போட்டேன். இரண்டு பள்ளங்களும் கம்பீரமாக வந்து நின்றன. கருவி பொய் சொல்லவில்லை. பழைய பொடியும் புதுப் பொடியும் வேறு வேறு பொருள்கள்.

தூத்துக்குடிக்குத் திரும்பியதும் என் பழைய நோட்டைப் பிரித்தேன். பொடி சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஜெல் என்று சொல்லும் கூழ் போன்ற ஒரு பத்தையில் புரதத்தை ஓடவிட்டால் ஒவ்வொன்றும் தன் அளவுக்கேற்ற தூரத்தில் கோடாக நின்றுவிடும். முதல் இரண்டு குப்பிகளுக்கு நான் அதைச் செய்திருந்தேன். புரோட்டமின் சிறியது, அதனால் அடியில் தடித்த நீலக் கோடு. மேலே மங்கலாக நான்கைந்து மெல்லிய கோடுகள். அவற்றுக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் 'கறை' என்று எழுதியிருந்தது.

அவை நின்ற இடம் ஹிஸ்டோன்கள் நிற்கும் இடம். பழுக்காத விந்துப்பையில் ஹிஸ்டோன்கள்தான் இருக்கும், பழுக்கப் பழுக்கத்தான் புரோட்டமின் வந்து அவற்றை வெளியேற்றும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஹிஸ்டோன்கள் டிஎன்ஏவோடு சேரும்போது சுருள்வது அப்போதே தெரிந்திருந்த செய்தி. சுருள் தரும் அடையாளம் பலமானது. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் போதும், முழுக் கோட்டையும் தன் பக்கம் இழுத்துவிடும். நான் கண்டுபிடித்ததாக எழுதியது இன்னொரு புரதத்தின் குணம்.

கிட்டங்கிக்குப் போனேன். சீசன் இல்லாத காலம். அக்கா வெயிலில் பரப்பியிருந்த மாசித் துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போன வருஷம் சீசன் ஆரம்பத்துல குடுத்தீங்களே, அதெல்லாம் பழுத்ததுதானா?"

"ஆரம்பத்துல எங்க பழுக்கும்? பத்து மீனக் கீறுனா ஒண்ணுதான் பாலா வடியும். மத்தது கட்டியாத்தான் இருக்கும்."

"அப்ப சட்டி நிறைய இருந்ததே?"

"கட்டியா இருந்ததையும் சேத்துப் போட்டேன்."

"பழுத்தது மட்டும் போதும்னு சொன்னேனே."

"சொன்ன. நீ வேர்க்க விறுவிறுக்க அம்புட்டுத் தூரம் நடந்து வார. சட்டிக்கு அடியில ரெண்டு துண்டப் போட்டு அனுப்பவா? வெறுங்கையோட போவாளேன்னுதான் சேத்துப் போட்டேன். ஏன், கெட்டுப் போச்சா?"

நான் அப்போது சொன்னதை மறைப்பதற்கில்லை. "உங்களை யாரு இரக்கப்படச் சொன்னா? ஒரு வருஷ வேலை பாழாப் போச்சு" என்றேன். மற்றப் பெண்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா கையிலிருந்த துண்டைப் பாயில் வைத்தாள்.

"கட்டியா இருக்கதும் வடியுததும் கண்ணால பாத்தாலே தெரியுமே, ஏளா. நீ சட்டியத் தொறந்து பாக்கவே இல்லியா?"

திறந்து பார்த்திருக்கிறேன். வித்தியாசத்தையும் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்தது நான். கல்லூரிக்குத் திரும்பி நடந்தேன்.

வழிகாட்டிக்குக் கடிதம் எழுதுவதைவிட நேரில் போவது நல்லது என்று பட்டது. நோட்டுகளையும் வளைகோட்டுத் தாள்களையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். 'கறை' என்று எழுதியிருந்த பக்கத்தில் கொஞ்சம் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை.

"இந்த ஜெல் படத்தை நானும் பார்த்தேன். நானும்தான் விட்டுட்டேன்" என்றார். பிறகு, "அவங்க கேட்டது இன்னொரு வளைகோடு. பழைய பொடி கொஞ்சம் மிச்சம் இருக்குன்னு சொன்னீங்க" என்றார்.

அதை ஒரு யோசனையாகச் சொன்னாரா, என்னைச் சோதித்தாரா, இல்லை தனக்குத்தானே பேசிக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு அவரே, "உங்க பெயர்தான் முதல்ல இருக்கு. என்ன எழுதணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. எதுன்னாலும் நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

அன்று மத்தியானமே அவருடைய தட்டச்சு மெஷினில் உட்கார்ந்து கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதினேன். ஒன்பது வரிக் கடிதம். காரணத்தை மூன்று வரியில் சொல்லியிருந்தேன். பெரிய மனப் போராட்டம் எதுவும் இல்லை. பழைய பொடியைக் கொண்டு இன்னொரு கோடு வரைந்து அனுப்புவது எனக்குக் கைவராத காரியமாக இருந்தது, அவ்வளவுதான். வருத்தம் பிறகுதான் வந்தது. நேர்முகத் தேர்வில் கட்டுரையைப் பற்றிக் கேட்டார்கள். திரும்பப் பெற்றுவிட்டோம் என்றேன். ஏன் என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். வேலை வேறொருவருக்குப் போனது. நல்ல ஆசிரியைதான், பின்னால் எனக்குத் தோழியும் ஆனாள். ஆனாலும் அந்த மாதம் முழுக்க அவள் வரும் வழியில் நான் போகவில்லை.

அடுத்த சீசன் தொடங்கியபோது கிட்டங்கிக்குப் போகக் கூச்சமாக இருந்தது. இரண்டு தூக்குச் சட்டிகளை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா என்னையும் சட்டிகளையும் பார்த்தாள்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணுல வடியுதது. இன்னொண்ணுல கட்டி. ரெண்டுமே வேணும் அக்கா." கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"பேசுனதுல ஒண்ணும் இல்ல. மொதல்லயே ரெண்டு சட்டி கொண்டாந்திருந்தா ரெண்டு பேருக்கும் சோலி மிச்சம்" என்றாள். பக்கத்திலிருந்தவளிடம் திரும்பி, "ஏளா, வெள்ளைச் சினை வந்தா என்கிட்டத் தள்ளு, குடலோட வீசிறாத" என்றாள்.

அவள் பிரித்ததில் இரண்டு வகையோடு மூன்றாவதாக ஒன்றும் வந்தது. கட்டியாகவும் இல்லாமல் வடியவும் வடியாமல், அழுத்தினால் மட்டும் கசிகிற ரகம். அதற்கு ஒரு மண் கலயத்தை அவளே கொடுத்தாள். கூழ்ப் பத்தையில் ஓட்டிப் பார்த்தபோது அந்தக் கலயத்துச் சினையில் ஹிஸ்டோனும் புரோட்டமினும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி இருந்தன. கட்டியில் ஹிஸ்டோன் மட்டும். வடிவதில் புரோட்டமின் மட்டும், மேலே ஒரு கோடும் இல்லை. எத்தனை முறை ஓட்டினாலும் அவள் பிரித்தது தப்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நல்ல சேலையோடு அக்கா கல்லூரிக்கு வந்தாள். அவள் கொடுத்தது என்னவாகிறது என்று பார்க்க வேண்டுமாம். வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். குப்பியில் இருந்த பொடியைக் காட்டினேன். "அம்புட்டுச் சினைக்கு இவ்வளவுதானா?" என்றாள். பொடியைத் தண்ணீரில் கரைத்தேன். இன்னொரு குழாயில் டிஎன்ஏ கரைசல். இரண்டும் தெளிந்த தண்ணீர்தான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றில் மற்றதை ஊற்றினேன். ஊற்றிய இடத்திலேயே புகைபோல் வெண்மை எழுந்து, இழை இழையாகத் திரண்டு, குழாயின் நடுவில் தொங்கியது.

அக்கா குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரெண்டும் தண்ணியாத்தானே இருந்திச்சு. இப்ப திரிஞ்சது எது? இதுவா, அதுவா?"

"ரெண்டும் சேர்ந்துதான்."

"சேந்துதான், சரி. எது மாறிச்சு? ஒண்ணு சும்மா இருந்து மத்தது மாறிச்சா, ரெண்டும் மாறிச்சா?"

அதைத்தான் நானும் பார்க்க முயல்கிறேன் என்றேன். "பாத்துட்டுச் சொல்லு" என்று குழாயைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு திருச்செந்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுக் கிளம்பினாள். மணப்பாட்டில் மகளைக் கட்டிக் கொடுத்திருந்தாள், அங்கே போகிற வழியில்தான் கல்லூரிக்கு வந்திருந்தாள்.

அவள் கேட்டதைப் பிரித்துச் சொல்ல இன்னும் இரண்டு சீசன் ஆனது. திரண்டுவிட்டால் கருவியில் ஒன்றும் தெரியாது, ஒளி சிதறிவிடும். திரளாத அளவுக்கு நீர்க்க வைத்து, உப்பின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் கோடு வரைய வேண்டும். டிஎன்ஏவின் கோடும் மாறுகிறது, புரதத்தின் கோடும் மாறுகிறது. டிஎன்ஏ மட்டுமே தெரியும் அலைநீளப் பகுதி ஒன்று உண்டு. அங்கே ஏற்படும் மாற்றத்தை முதலில் அளந்துகொண்டு, பிறகுதான் இரண்டும் கலந்து தெரியும் பகுதிக்கு வர முடிந்தது. கடைசியில் சொல்ல முடிந்தது சிறிய விஷயம். ஹிஸ்டோன் டிஎன்ஏவோடு சேரும்போது சுருள்கிறது. புரோட்டமின் சுருளவில்லை. ஆனால் நூலாகவும் இருக்கவில்லை. டிஎன்ஏவின்மேல் படியும்போது அங்கங்கே வளைந்து, மடங்கி, ஏதோ ஓர் ஒழுங்குக்கு வருகிறது. உப்பைக் கூட்டி இரண்டையும் பிரித்துவிட்டால் அந்த ஒழுங்கு போய்விடுகிறது. அது என்ன உருவம் என்று எங்கள் கருவியால் சொல்ல முடியவில்லை. தனியே இருக்கும்போது இல்லாத ஓர் உருவம் என்பதை மட்டும் சொல்ல முடிந்தது. டிஎன்ஏவும் கொஞ்சம் மாறுகிறது என்பதையும்.

முதல் கட்டுரையைப்போல் இது யாரையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோகவில்லை. இந்தியாவில் வெளிவரும் ஓர் இதழ் ஏற்றுக்கொண்டது. நான்கு பக்கம். ஏற்றுக்கொண்டு எட்டு மாதம் கழித்து அச்சில் வந்தது.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸில் நடந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் பென்சிலால் கோடிட்டுப் படித்திருந்தார். வளைகோடுகளைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. செய்முறை அத்தியாயத்தில் ஒரு வரியைக் காட்டினார். முதிர்ச்சியின் அடிப்படையில் விந்துப்பைகள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன என்று நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்த வரி.

"இந்த ஆய்வே இந்த வரியிலதான் நிக்குது. யாரு பிரிச்சது? நீங்களா?"

"இல்ல சார். மாசி போடுற இடத்துல மீன் வெட்டுற ஒரு அம்மா."

"எப்படிப் பிரிச்சாங்க? நுண்நோக்கி வெச்சுப் பாத்தீங்களா?"

"அவங்க விரலால அழுத்திப் பார்ப்பாங்க. நான் பிறகு ஜெல்லுல ஓட்டிச் சரிபார்த்தேன். தப்பினதே இல்லை."

"அத ஏன் எழுதல?"

எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னேன். என் வழிகாட்டி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர், "யார் செஞ்சாங்க, எப்படிச் செஞ்சாங்கன்னு எழுதுங்க. நாளைக்கு இன்னொருத்தர் இதைத் திரும்பச் செஞ்சு பார்க்கணும்ல" என்றார். பட்டம் கொடுக்கப் பரிந்துரைத்துவிட்டுப் போனார்.

ஆய்வேடு நான்கு பிரதிகள் ஏற்கெனவே தைத்து அட்டை போட்டாகிவிட்டது. மூன்று பிரதிகளில் அந்தப் பக்கத்தின் அடியில் கறுப்பு மையால் இரண்டு வரி எழுதிச் சேர்த்தேன். விரலால் அழுத்திப் பார்ப்பது, கசிவு, நிறம், பதினெட்டு வருடமாக மீன் கீறும் ஒரு பெண் பிரித்தது என்று எழுதினேன். நான்காவது பிரதி அதற்குள் வேறு நூலகத்துக்குப் போய்விட்டிருந்தது. அதில் இன்னும் விந்துப்பைகள் தாமாகவே பிரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

அக்காவிடம் முடிவைச் சொல்லப் போனேன். அவள் ஒரு சூரையைப் பாதி கீறிய நிலையில் கேட்டாள். ரெண்டுமே மாறுது அக்கா, அதிகமா மாறுறது உங்க சினையில இருந்து வந்ததுதான், டிஎன்ஏவுல ஒட்டுனாத்தான் அதுக்கு ஒரு உருவமே வருது, பிரிச்சா போயிருது என்று என்னால் முடிந்தவரை சொன்னேன்.

"அப்ப அதுக்குன்னு ஒரு உருவம் கெடையாதா?"

"தனியா இருக்கும்போது கிடையாது."

"அப்படியும் இருக்குமா?" என்று யோசித்தாள். "சரி, இனி சினை வேண்டாமாக்கும்?"

"வேண்டாம் அக்கா. முடிஞ்சுது."

"அந்தக் கலயத்தக் கொண்டாந்து குடுத்திரு. நல்ல கலயம்."

மறுநாள் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஜூனில் எனக்கு வேறு ஊரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. தூத்துக்குடியைவிட்டுப் போனேன். அங்கே ஆய்வுக்கூடத்தில் சுழற்றும் மெஷினே இல்லை. நான் பிறகு ஆராய்ச்சி செய்யவில்லை, பாடம் மட்டும் நடத்தினேன். புரதம் என்ற பாடம் வரும்போது சாவி, பூட்டு என்ற உதாரணத்தைப் புத்தகத்தில் இருக்கிறபடி ஒருமுறை சொல்லிவிட்டு, எல்லாப் புரதமும் அப்படி இல்லை என்று தொடங்குவேன். பிள்ளைகள் அது தேர்வுக்கு வருமா என்று கேட்பார்கள். வராது என்பேன். பாதிப் பேர் பேனாவை மூடிவிடுவார்கள்.